தும்பிவலசார் இடம் பிடித்த கதை

தாராபுரம் போகிற வழியில் தும்பிவலசு என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேடாதீர்கள், ஊர்க்காரர்களே தேடிப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். அங்கே ஒரு பேஸ்பால் அணி இருந்தது. கபடியிலும் கிரிக்கெட்டிலும் பக்கத்து ஆலங்காட்டுப்புதூரிடம் தோற்றுத் தோற்று, யாருக்கும் தெரியாத ஆட்டமாக ஆடினால் தோற்கவே முடியாது என்று கணக்குப் போட்டு ஆரம்பித்த அணி. அதற்கப்புறம் பேஸ்பாலிலும் தோற்றார்கள்.

பந்தை எறிகிறவன் சென்னியப்பன். மூன்று வருஷமாக அவன் எறிந்த ஒரு பந்துகூட, மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று பிடிக்கிற கேட்சர் நாச்சிமுத்துவின் கைக்குப் போனதில்லை. நாச்சிமுத்துவின் கையுறை கடையில் வாங்கின பளபளப்போடு அப்படியே இருந்தது. பந்துகள்தான் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை என்று ஊரைச் சுற்றிப் பார்த்தன.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன ஆட்டத்தில் ஒரு பந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரின் கிளாஸைத் தட்டிவிட்டது. அவர் ஆலங்காட்டுப்புதூர் முத்துக்குமாரசாமி. அவர் மகள் சுகந்தியைத்தான் சென்னியப்பனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். சென்னியப்பனுக்கோ சுகந்தி என்றால் உயிர்.

முத்துக்குமாரசாமி வேட்டியில் கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அடுத்த ஆட்டத்துக்கு வந்து உக்காந்து பாக்கறேன். நீ எறியறது ஒண்ணாச்சும் நேரா போயி உழுந்தா அன்னிக்கே தேதி குறிச்சுக்கலாம். இல்லீன்னா காங்கயத்துல ஒரு பையன் இருக்கறான்.”

ஆட்டத்துக்கு ஒரு மாசம்தான் இருந்தது. கேப்டன் அத்தப்பன் கோயமுத்தூர் போய்த் தாமோதரன் என்ற பயிற்சியாளரை அழைத்து வந்தான். அவர் சென்னியப்பன் எறிவதைப் பத்து நிமிஷம் பார்த்தார், அதில் எட்டு நிமிஷம் வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு ஒரு தாளில் மூன்று கட்டளைகளை எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டார்.

முதல் கட்டளை: எறிவது கையல்ல, கால்தான். வேகம் காலில் கிளம்பி, இடுப்பு வழியாகக் கைக்கு வர வேண்டும்.

“எத்தனை மணிக்குக் கெளம்பி எத்தனை மணிக்குக் கைக்கு வருமுங்க?” என்று சென்னியப்பன் கேட்டான்.

அத்தப்பன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். “நேரம் போடல. வர்ற வரைக்கும் காத்திருக்கறதுதான் மொறை.”

சென்னியப்பன் பந்தோடு ஒற்றைக் காலில் நின்றான். காலையில் நின்றவன் மத்தியானம் வரைக்கும் நின்றான். நாச்சிமுத்து அவ்வப்போது முழங்காலில் காதை வைத்துக் கேட்டு நிலவரம் சொன்னான். இரண்டு மணிக்கு, எறும்பு ஊர்கிற மாதிரி என்னவோ மேலே வருகிறது என்று சென்னியப்பன் சந்தோஷமாகச் சொன்னான். வேகம் வந்துவிட்டது என்று எல்லாரும் கை தட்டினார்கள். அவன் தடாலென்று கீழே விழுந்தான்.

இரண்டாவது கட்டளை: முழங்கை தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது.

சென்னியப்பன் இறக்கவில்லை. சாப்பிடும்போதும் இறக்கவில்லை, தூங்கும்போதும் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டான். கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் ஓர் ஓரமாக நின்றபோது, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவன் கை தூக்கியதாக எழுதிக்கொண்டார்கள். வேறு யாரும் கை தூக்குகிற வழக்கம் அங்கே கிடையாது. குப்பைக் கிடங்கு ஊருக்குள் வேண்டும் என்ற தீர்மானமும் வேண்டாம் என்ற தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறின. இரண்டுக்கும் நிதி வந்தது.

மூன்றாவது கட்டளைதான் அசல் வில்லங்கம். ‘பந்தைத் தொடாதே. அதற்குப் பதில் ஒரு துண்டை எடுத்து, பந்து எறிவது போலவே தினமும் நூறு முறை வீசு. கை தானாகச் சீராகிவிடும்.’

துண்டை எங்கே வீசுவது என்று எழுதவில்லை. ஆனால் தும்பிவலசில் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துண்டு வீசுகிற இடம் உலகத்தில் ஒன்றுதான், அது பஸ் ஜன்னல். கூட்டம் ஏறுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த சீட் போட்டவனுக்குத்தான். அதைத் தொட ஆளும் கட்சிக்காரனுக்கே தைரியம் வராது.

சென்னியப்பன் பஸ் நிறுத்தத்துக்குப் போனான். ஈரத் துண்டை உருட்டி முடிச்சுப் போட்டு, காலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, முழங்கையை இறக்காமல் வீசினான். முதல் வாரம் துண்டு கண்டக்டர் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது வாரம் ஜன்னலுக்குள் போனது. நாலாவது வாரம், ஓடுகிற பஸ்ஸில் இடதுபக்கம் மூன்றாவது சீட் என்று சொல்லி வீசினான். அங்கே போய் விழுந்து, முடிச்சு அவிழ்ந்து, சீட் முழுக்க விரிந்தது. அத்தப்பன் அனுப்பிய வீடியோவைப் பார்த்த தாமோதரன், இப்படிப்பட்ட கையை நான் பார்த்ததில்லை என்று செய்தி அனுப்பினார். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை.

ஆட்டத்து நாள் வந்தது. முத்துக்குமாரசாமி நாற்காலி போட்டு, இந்தத் தடவை மைதானத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். நடுவர் பந்தை நீட்டினார். சென்னியப்பன் தொட்டுவிடாமல் ஓரடி பின்னால் நகர்ந்தான். ஒரே ஒரு வீச்சில் சுகந்தி காங்கயம் போய்விடுவாள் என்று நினைக்க அழுகை வந்தது.

“தொடலாமுங்களா?” என்று அத்தப்பனைக் கேட்டான்.

“தொடாதேன்னு எழுதியிருக்குது. எப்பத் தொடறதுன்னு எழுதல. எழுதாததைச் செஞ்சு ஆட்டத்தைக் கெடுத்தறாதே.”

சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை உருட்டி வீசினான். துண்டு அம்பு மாதிரி போனது. மட்டைக்காரன் நிற்கிற இடத்தில் தரையில் பதித்திருக்கும் வெள்ளைப் பலகை மேல் விழுந்து, அழகாக விரிந்தது. ஓடுகிறவன் சுற்றி வந்து அந்தப் பலகையை மிதித்தால்தான் ஒரு ரன்.

ஆலங்காட்டுப்புதூர் மட்டைக்காரன் துண்டைப் பார்த்தான். மரியாதையாக நாலடி தள்ளிப் போய் நின்றான்.

நடுவர் அவனைத் திரும்பி வரச் சொன்னார். அவன் மறுத்தான். “துண்டு போட்டிருக்குதுங்க. நாளைக்கு நானும் பஸ்ல போவோணுமில்லீங்க.”

துண்டை எடுக்கச் சொன்னால் யாரும் எடுக்கவில்லை. நடுவரே குனிந்தார். இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்த பார்வையில் நிமிர்ந்துவிட்டார். போட்டவர் வந்து உட்கார்ந்தால்தான் பிரச்சனை தீரும் என்று அத்தப்பன் தீர்ப்புச் சொன்னான். சென்னியப்பன் போய்ப் பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அதற்கப்புறம் எந்த அணிக்கும் ரன் எடுக்க வழியில்லை. தும்பிவலசு முதல் முறையாகத் தோற்காமல் தப்பியது.

முத்துக்குமாரசாமி எழுந்து வந்தார். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

“மாப்ள, பந்து நேரா போயி எனக்கு என்ன ஆவப்போவுது? முப்பது வருசமா தாராபுரம் பஸ்ல நின்னுக்கிட்டே போறவன் நானு. எம் பொண்ணு உக்காந்து போவோணும். இந்தக் கைக்குத்தான் குடுப்பேன். இன்னும் அரை மணி நேரத்துல நல்ல நேரம் முடியுது, எந்திரிச்சு வாங்க, தேதி குறிச்சறலாம்.”

சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. “எந்திரிச்சா எடம் போயிருமுங்க மாமா.”

அது நியாயம்தான் என்று முத்துக்குமாரசாமிக்குப் பட்டது. “அப்ப நீங்க போயிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்,” என்று வேட்டியை மடித்துக்கொண்டு பலகை மேல் உட்கார்ந்தார். ஆயுசில் முதல் தடவையாக, துண்டு போட்டுப் பிடித்த இடம் அவருக்கு உட்காரக் கிடைத்திருந்தது.

கல்யாணம் ஆவணியில் ஜாம்ஜாமென்று நடந்தது. இரண்டு ஊரும் வந்திருந்தது, நடுவரும் மொய் வைத்தார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய முத்துக்குமாரசாமி மட்டும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, மாப்பிள்ளை திரும்பி வருகிறவரைக்கும் எழுந்திருக்க முடியாது, சாப்பாட்டை இலையோடு இங்கேயே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.