வால்பலகை

குளத்தங்கரை மருத மரத்தில் ஓர் அணில். பேர் கொறிமுத்து. தன் வாலை நினைத்து அதற்கு ஒரே பெருமை. எந்நேரமும் சீவிக்கொண்டே இருக்கும்.

குளத்துக்குள் தலைப்பிரட்டைகளின் பள்ளிக்கூடம். எல்லாம் தவளைக் குஞ்சுகள். குண்டுத் தலை, மீதி வால்.

"சும்மா ஆடுகிற இந்தக் குஞ்சுகளின் வாலுக்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன?" என்று கொறிமுத்து யோசித்தது.

யோசித்து ஒரு கருவியும் கண்டுபிடித்தது. மரப்பட்டைப் பலகை. நடுவில் சக்கரம். வாலால் ஒரு தட்டு தட்டினால் 'அ' போகும், 'ஆ' வரும். இன்னொரு தட்டு, 'இ'!

"எத்தனை விற்கும்?" என்றது மரங்கொத்தி டொக்கன். செய்து தர வேண்டியது அதுதானே!

கொறிமுத்து ஒரு கை தண்ணீர் அள்ளியது. அதில் துள்ளிய குஞ்சுகளை எண்ணியது. குளத்தில் எத்தனை கை தண்ணீர்? பெருக்கியது. தலை சுற்றியது. காட்டில் எத்தனை குளம்? கிளையில் ஏறி உட்கார்ந்து மறுபடி பெருக்கியது. கிளையிலிருந்து விழுந்தேவிட்டது.

"டொக்கண்ணே! மரத்துல இருக்கிற இலையெல்லாம் இதுக்கு முன்னால தூசு! பலகைக்கு ஒரு தாமரைக் கொட்டை வாங்கினாலே போதும். நான் ராஜா!"

"எனக்குக் கூலி?"

"என் பொந்தை எடுத்துக்கோ! நான் தாமரைக் கொட்டையிலேயே மாளிகை கட்டுவேன்!"

டொக்கன் பெண்சாதிக்கு முட்டையிடும் சமயம். அன்றைக்கே குடிவந்தார்கள்.

கொறிமுத்து குளத்துப் பள்ளிக்கு ஓடியது. குண்டுமணி டீச்சர் தாமரை இலையில் உட்கார்ந்திருந்தாள். வயசான தவளை.

"ரொம்ப நல்லாயிருக்கு தம்பி. ஆனா இந்தப் பிள்ளைங்களோட வால்..."

"வாலுக்குத்தான் டீச்சர்! வாலுக்கேதான்!"

"அது இல்ல தம்பி, கொஞ்ச நாள்ல..."

"கொஞ்ச நாள்ல கொண்டுவந்துடறேன்!"

குதித்தோடிவிட்டது. அந்த டீச்சரைப் பேசவிட்டால்தானே!

டொக் டொக் என்று வேலை நடந்தது. மழை கொட்டியது. கொறிமுத்து கிளையில் நனைந்தபடியே மாளிகைக்கு எத்தனை ஜன்னல் என்று யோசித்தது.

பலகைகள் மலையாகக் குவிந்தன. ஒன்றை உருட்டிக்கொண்டு கொறிமுத்து குளத்துக்குப் போனது. தண்ணீரில் ஒரு குஞ்சுகூட இல்லை! கரை முழுக்கக் குட்டித் தவளைகள் குதியாட்டம் போட்டன.

"டேய்! வாலை எங்கேடா வெச்சீங்க?"

"காணோம் மாமா! தானாப் போச்சு!"

"நல்லாத் தேடிப் பாருங்கடா!"

சொல்லிவிட்டுத் தானும் சேற்றில் தேடியது. குட்டிகள் உருண்டு உருண்டு சிரித்தன.

"கால் முளைச்சா வால் போயிடும் தம்பி. அதைத்தான் சொல்லவந்தேன்," என்றாள் டீச்சர்.

"வால் போகுமா?" கொறிமுத்து தன் வாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

"உனக்கு இல்லப்பா!"

பக்கத்துக் குளத்திலும் இதே குதியாட்டம்.

பொந்துக்கு ஓடியது. டொக்கன் எட்டிப் பார்த்தது. "சத்தம் போடாதே! குஞ்சு இப்பதான் தூங்குது!"

வேறென்ன செய்ய? விற்காத பலகைகளைக் கிளையிடுக்கில் அடுக்கி, அதற்குள் படுத்தது. புரண்டால் வால் தட்டும். தட்டினால் சக்கரம் சுற்றும். 'அ', 'ஆ', 'இ'! மழைக்காலம் முடிவதற்குள் கொறிமுத்துவுக்கு எழுத்தெல்லாம் மனப்பாடம். அந்தப் பலகையில் படித்த ஒரே பிள்ளை அதுதான்.

எத்தனை பேர் வாங்குவார்கள் என்று பெருக்கிப் பார்க்கும் முன்பு, அவர்களை அறிந்தவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிரு.