ஏறாத கோடு

எங்கள் பள்ளித் தாளாளர் தனுஷ்கோடிக்கு, வரைபடத்தில் கோடு என்றால் ஏறியே தீர வேண்டும். வாசலில் அவர் மாட்டிய பேனரில் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு அடிமூலையில் கிளம்பி உச்சிமூலையைத் தொட்டது. எங்கள் ஒன்பதாம் வகுப்பின் கணக்கு சராசரியோ நாலு தேர்விலும் 41, 42, 43, 44. சுவரில் மாட்டிய படத்தில் கோடு படுத்தே கிடந்தது.

"நாளைக்குள்ள இந்தக் கோடு என் கோடு மாதிரி ஏறணும். இல்லேன்னா இனிமே விளையாட்டு பீரியடே கிடையாது!"

எழுதி முடித்த தேர்வின் மார்க்கை யார் மாற்றுவது? கடைசி பெஞ்ச் ஜெபக்கனி மட்டும் கிராஃப் தாளை எடுத்தாள்.

மறுநாள் அந்தப் பேனருக்கு அடியிலேயே பெற்றோர் கூட்டம். ஜெபக்கனி தன் படத்தை விரித்தாள். கோடு விறுவிறுவென்று ஏறியிருந்தது.

"பலே! எப்படிம்மா?" என்றார் தாளாளர்.

"மார்க் அதேதான் ஐயா. அடியில பூஜ்யத்துக்குப் பதிலா நாற்பது போட்டு ஆரம்பிச்சேன்."

"ஏமாத்து வேலை! கிழிச்சுப் போடு!"

"சரிங்க ஐயா. உங்க பேனரும் அடியில தொண்ணூறு போட்டுத்தான் ஆரம்பிக்குது. எதை முதல்ல கிழிக்கட்டும்?"

பெற்றோர் எல்லாரும் பேனரை அண்ணாந்து பார்த்தார்கள். தாளாளர் அவசரமாகப் பியூனைக் கூப்பிட்டார்.

"விளையாட்டு பீரியடுக்கு மணி அடிய்யா!"