ம் சொன்னது யார்

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தொன்று. அதில் இரண்டு பேருக்குமே கூச்சம் கிடையாது.

சீடர் செங்கோடன், ராசிபுரத்தில் டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். குரு தமயந்தி, கோழிப்பண்ணைகளுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்கிறவர். ஒருநாள் அவருடைய பட்டறைக்கு வந்து, “எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மிணி” என்று நின்றார் செங்கோடன்.

முதல் பாடம் இரண்டு கம்பி.

“இதுக்குப் பேரு கேன் பஸ்ஸுங்ணா. எல்லாப் போர்டும் இந்த ரெண்டு கம்பியிலதான் பேசிக்கும்.”

“பஸ்ஸுன்னா, கண்டக்டர் யாருங்க?”

“கண்டக்டர் இல்லை. ஒருத்தர் பேசினா மத்தவங்க கேக்கணும். அவ்வளவுதான்.”

“கேட்டாங்களா இல்லையான்னு பேசினவனுக்கு எப்படித் தெரியும்?”

“கதை சொல்றப்ப எதிர்ல இருக்கறவங்க ம் கொட்டுவாங்கல்ல, அதேதான். ஒவ்வொரு சேதி முடிவுலயும் துளி இடம் விட்டிருக்கும். கேட்டவங்க அதுல ம் சொல்லணும். ம் வரலைன்னா, சொன்ன போர்டு திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருக்கும்.”

சீடருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. குருவும் சொல்லவில்லை.

மாசி மாதம் முத்தாயம்மாவின் பண்ணையில் செங்கோடனே தனியாக வேலையை முடித்தார். முன்னூறு அடி நீளம், நாலு பக்கமும் மூடிய ஷெட். உள்ளே மூவாயிரம் கோழி. வாசலில் மெயின் போர்டு, அதை ஒட்டியே சூட்டைக் காட்டும் சின்ன டிஸ்பிளே. கடைக்கோடியில் ஆறு பெரிய ஃபேன், அவற்றுக்கு ஒரு போர்டு. மூன்றும் அதே இரண்டு கம்பியில். சூடு ஏறினால் மெயின் போர்டு “ஓட்டு” என்று சொல்லும். ம் வந்தால், செல்போனில் “ஃபேன் ஓடுகிறது” என்று பச்சையாகக் காட்டும். அந்த வரியை எழுதியவர் செங்கோடன்தான்.

சித்திரையில் ஒருநாள், காலை பதினொன்றரைக்கு முத்தாயம்மா கூப்பிட்டார்.

“ஃபேன் சுத்தலைங்க. கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குது.”

செங்கோடன் செல்போனைப் பார்த்தார். பச்சை.

“ஓடுதுங்க முத்தாயம்மா. எனக்கு இங்க தெரியுதே.”

“நான் ஃபேனுக்கு முன்னாடியே நின்னுட்டுப் பேசறனுங்க.”

“வெயிலுக்கு உங்களுக்குத்தான் தல சுத்துது. ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு உக்காருங்க.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குரு அப்போது வெளியே போயிருந்தார். திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “வண்டியை எடுங்க” என்றார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டின் பக்கப் படுதாவை முத்தாயம்மா அரிவாளால் கிழித்திருந்தார். அவரும் அவருடைய நாத்தனாரும் குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் செத்த கோழிகள் கிடந்தன. குவியல் செங்கோடனின் இடுப்பு உயரம் இருந்தது. மேலே கிடந்த ஒன்றின் கால் இன்னும் ஆடியது.

செங்கோடன் அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

முத்தாயம்மா அவரைத் தாண்டிப் போனார். “உங்க டிவியில படம் நல்லாத் தெரியுதுங்களா” என்றார். குரல் உயரவில்லை. “பழைய சுவிட்ச் இருந்திருந்தா நானே போட்டிருப்பேன். இனி எதுக்குன்னு கழட்டிட்டுப் போயிட்டீங்க.”

குரு ஷெட்டின் கடைக்கோடிக்கு ஓடினார். அங்கிருந்த போர்டை விட்டுவிட்டு, கரண்ட் வயரை ஃபேன்களோடு நேராகச் சேர்த்தார். ஆறு ஃபேனும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காற்று வந்தது. உயிரோடிருந்த கோழிகள் இறக்கையை விரித்தபடி அசையாமல் நின்றன.

அவர் வாசலுக்குத் திரும்பி வந்தபோது சீடர் மெயின் போர்டின் முன்னால் நின்றிருந்தார்.

“ம் வந்திருக்கு அம்மிணி. காலையில இருந்து ஒரு சேதி விடாம வந்திருக்கு. அந்தப் போர்டு கேட்டிருக்கு, கேட்டும் ஓட்டலை.”

“டிஸ்பிளேயைக் கழட்டுங்க.”

“அது சும்மா நம்பரைக் காட்டறதுங்க. அதுக்கும் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்?”

“கழட்டுங்க.”

செங்கோடன் கழற்றினார். அந்த நொடியே மெயின் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ம் இல்லை. போர்டு “ஓட்டு, ஓட்டு, ஓட்டு” என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

அவர் டிஸ்பிளேயை மறுபடி சொருகினார். விளக்கு அணைந்தது. ம் வந்தது.

மறுபடி கழற்றினார். மறுபடி சொருகினார்.

“கடைக்கோடி ஜாயிண்ட்ல கம்பி பச்சை பூத்து அத்துப்போச்சு” என்றார் குரு. “எச்சத்தோட காரம். ராத்திரியே போயிருக்கும். அந்தப் போர்டுக்கு இன்னைக்கு ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரலை.”

செங்கோடன் டிஸ்பிளேயைப் பார்த்தார். அது மெயின் போர்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“யாராவது ஒருத்தர் ம் சொன்னாலே போதும்னு நீங்க சொல்லலைங்களே.”

“சொல்லலை. அது என் தப்பு.”

“நானும் கேக்கலை.”

“நீங்களும் கேக்கலை.”

இருவரும் கம்பியை மாற்றினார்கள். பழைய சுவிட்சையும் திரும்ப வைத்தார்கள். குரு சீடரின் செல்போனைப் பிடுங்கி, அந்தப் பச்சை வரியை அழித்தார். வெயில் சாய்ந்துவிட்டது. ஃபேன்களுக்குக் கீழே, கடைக்கோடியில், முத்தாயம்மா குனிந்து குனிந்து மிச்சமிருந்த செத்த கோழிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

செங்கோடனால் உள்ளே போக முடியவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன் அம்மிணி. என்னன்னு சொல்லுவேன்.”

“சொல்லணும்னு தோணறதை இங்க இருந்தே சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். முன்னூறு அடி தள்ளி, ஃபேன் இரைச்சலுக்கு நடுவே குனிந்திருந்த முதுகைப் பார்த்துச் சொன்னார்:

“முத்தாயம்மா, தப்பு என்னுதுங்க. நீங்க சொன்னதை நான் நம்பலை.”

அந்த முதுகு திரும்பவில்லை.

அவருக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்த குரு, “ம்” என்றார்.

செங்கோடன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

குரு வண்டிச் சாவியை நீட்டினார்.

“ம் வந்துருச்சேங்ணா. கிளம்பலாமா?”

சாவியை அவர் வாங்கவில்லை. நிலையிலிருந்து கையை எடுத்தார். ஷெட்டுக்குள் இறங்கி, கோழிகளுக்கு நடுவே, கடைக்கோடியைப் பார்த்து நடந்தார்.