வாசனையை வேரில் வைத்த புல்

புல்லுக்கும் ஆற்றுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கொள்ளிடக் கரையில் ஒரு புல் நின்றது. பார்க்க அப்படியொன்றும் அழகு கிடையாது, பேரும் கிடையாது. மாடுகூட ஒரு வாய் கடித்துவிட்டு அடுத்த புல்லுக்குப் போய்விடும். ஆனால் ஆற்றுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆசைக்குக் காரணம் கேட்டால் நான் எங்கே போவேன்?

ஆறு பெண்தான், அதில் சந்தேகம் வேண்டாம். கோடையில் அவள் கடலுக்குக் கிளம்பினாள். புல் அழுதது.

“திரும்பும்போது வெள்ளமா வருவேன். அந்த வேகத்துல நீ எங்கே நிக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்ற ஆறு, தன் வாசனையை எடுத்துப் புல்லிடம் கொடுத்தாள். “பத்திரமா வச்சிரு. இது எங்கே மணக்குதோ அங்கே நிப்பேன்.”

பூவில் வைத்தால் வண்டு விடாது. இலையில் வைத்தால் காற்று கொண்டுபோய்விடும். புல் அதை வேரில் ஒளித்துவைத்தது.

ஆடி வந்தது. ஆறு வரவில்லை. ஊர்க்கிணறும் வற்றிப்போக, கப்பல்காரன் சடையனின் மனைவி பூவாயி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்ட மண்வெட்டியோடு வந்தாள். பச்சை இருக்கும் இடத்தில்தானே அடியில் ஈரம் இருக்கும்? புல்லை ஒட்டி ஓங்கி ஒரு போடு போட்டாள். வேர்க்கொத்து அறுந்து கையோடு வந்தது.

“அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!” புல் அலறியது. நடந்ததைச் சொல்லி, “இனிமே அவ வந்தா என்னை எப்படிக் கண்டுபிடிப்பா?” என்று தேம்பியது.

பூவாயி மண்வெட்டியைக் கீழே போட்டாள். “பிள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணியில்லைன்னுதான் தோண்டினேன், தாயே. இப்ப அவ எங்கே இருக்கா?”

“கடல்ல.”

“எங்க வீட்டுக்காரர் நாளைக்குக் கப்பல் ஏறுறார். இந்த வேரை அவர்கிட்ட குடுத்து விடுறேன். போற வழியெல்லாம் தண்ணியில நனைக்கட்டும். மணம் பட்டா அவளே ஓடி வந்துடுவா.”

புல் சம்மதித்தது. வேறு வழி?

சடையன் சொன்னபடி நனைத்துக்கொண்டேதான் போனான். ஆனால் ஆறு கடலில் இருந்தால்தானே! அவள் எப்போதோ மேகமாகி, மலையில் மழையாக இறங்கி, வெள்ளமாகக் கரைக்கே வந்துவிட்டாள்.

“நான்தான்! இங்கேதான் நிக்கிறேன்!” என்று புல் கத்தியது.

“எல்லாப் புல்லும் அதையேதான் சொல்லுது. வாசனை எங்கே?”

“உன்னைத் தேடிக் கடலுக்கு அனுப்பியிருக்கேன்.”

“நான் அங்கே இருந்துதானே வர்றேன்...” என்று ஆறு தயங்கினாள். நிற்க முடியவில்லை. வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று பூவாயி வாய்விட்டு அழுதாள்.

வெகுநாள் கழித்துச் சடையன் வெறுங்கையோடு புல்லிடம் வந்தான்.

“சீமையில ஒரு துரைசானி வேரை வாங்கி மோந்து பாத்துட்டுத் திருப்பித் தரமாட்டேன்னுட்டா. ஜன்னல்ல கட்டித் தண்ணி தெளிக்கிறா. பேர் கேட்டா. பேர் ஏது? வெட்டின வேருன்னேன். இப்ப அந்த ஊரே வெட்டிவேருங்குது.”

“என் வேர் நல்லா இருக்கா?” என்று கேட்டது புல்.

“காஞ்சுதான் கிடக்கு. ஆனா தண்ணி பட்டாப் போதும், அப்படி மணக்குது!”

“அவதான் வந்துட்டான்னு நினைச்சுக்குது” என்றது புல். அதற்குப் பிறகு அது யாரிடமும் பேசவில்லை. அறுந்த நுனியில் ஒட்டியிருந்த துளி வாசனையைப் புது வேரில் வளர்த்து, அடுத்த வெள்ளத்துக்காகக் காத்திருந்தது. ஆனால் வெள்ளம் வருவதற்குள், மணத்துக்கு ஆசைப்பட்டு யாராவது மண்வெட்டியோடு வந்துவிடுகிறார்கள்.

அன்று முதல்தான் வெட்டிவேர் வேரில் மணக்கிறது. ஆங்கிலக்காரர்களும் ‘வெட்டிவர்’ என்று நாம் வைத்த பேரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுகிறார்கள். காய்ந்த வேரின் மேல் எந்த ஊர்த் தண்ணீரைத் தெளித்தாலும் சரி, அது உடனே மணந்து கேட்கிறது: “வந்துட்டியா?”