ஊற்று கண்ட தலைவர்

ஆறு ஒன்று குறுக்கே ஓடிய காட்டில், தென்கரை விலங்குகளுக்குக் கருமூக்கன் என்ற காட்டுப்பன்றி தலைவராக இருந்தது.

அந்தப் பதவி அதற்குச் சும்மா வந்துவிடவில்லை. இளவயதில் ஒரு கோடையில் ஆறு அடியோடு வறண்டது. மான்கள் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டன. கருமூக்கன் மட்டும் ஆற்று மணலில் மூக்கை நுழைத்துத் தோண்டியது. முதல் நாள் கொதிக்கும் மணல். இரண்டாம் நாள் சரளைக்கல். மூக்குத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. மூன்றாம் நாள் காலை, குழியின் அடியில் ஒரு வாய்த் தண்ணீர் சுரந்தது.

முதலில் குடித்த ஆமை, "பிழைத்தோமடா, கருமூக்கா!" என்று கத்தியது.

தென்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கோடை பிறக்கும் நாளில் ஒவ்வொரு விலங்கும் ஓர் இலையைக் கவ்வி வந்து, தான் விரும்புகிறவர் முன்னால் வைக்கும். இலை அதிகம் பெற்றவரே தலைவர். அடுத்த ஆண்டு கருமூக்கன் இலைக் குவியலுக்குள் மறைந்தே போனது. அந்தப் பச்சை வாசனையை அது மறக்கவே இல்லை.

பத்துக் கோடைகள் போயின. இப்போது அதன் முதுகில் எப்போதும் ஒரு மைனா உட்கார்ந்திருக்கும். "ஊற்று கண்ட தலைவர் வருகிறார், வழி விடுங்கள்!" என்று கூவும். போகும் இடமெல்லாம் கருமூக்கன் அந்த மூன்று நாள் கதையைச் சொல்லும். சொல்லச் சொல்ல அதற்கே கண் கலங்கும்.

ஒருநாள் முள்ளம்பன்றி வந்தது. "தலைவரே, ஊற்று தூர்ந்துவிட்டது. நீங்கள் ஒரு நடை வந்து பார்த்தால் நல்லது."

"ஊற்றா! அன்றைக்கு மணல் எப்படிச் சுட்டது தெரியுமா?" என்று தொடங்கியது கருமூக்கன்.

"தெரியும் தலைவரே, போன வாரமும் சொன்னீர்கள். இன்றைக்கும் அப்படித்தான் சுடுகிறது."

"தலைவர் பேசும்போது குறுக்கே பேசாதே!" என்று அதட்டியது மைனா.

முள்ளம்பன்றி கதை முழுவதையும் கேட்டது. பிறகு போய்த் தானே தூர் வாரத் தொடங்கியது.

இலை நாள் வந்தது. கருமூக்கன் பாறைமேல் ஏறிக் கதையைச் சொன்னது. மான்கள் விம்மின. ஆமை தேம்பித் தேம்பி அழுதது.

"பார்த்தீர்களா? எல்லா இலையும் நமக்குத்தான்!" என்று காதில் கிசுகிசுத்தது மைனா.

கதை முடிந்தது. விலங்குகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தன. இலைகளைக் கவ்வியபடி கருமூக்கனைக் கடந்துபோய், முள்ளம்பன்றியின் முன்னால் வைத்தன.

மைனா சட்டென்று பறந்தது. புதுத் தலைவரின் முதுகெல்லாம் முள். உட்கார இடமில்லாமல் வட்டமடித்தது.

கருமூக்கன் ஆமையை மறித்தது. "நீகூடவா? என் கதைக்கு அப்படி அழுதாயே!"

"அழுதேன். இன்னும் நூறு தடவை சொன்னாலும் அழுவேன்," என்றது ஆமை. "ஆனால் கருமூக்கா, இன்று காலை எனக்குத் தாகம் எடுத்தது. போய்ப் பார்த்தால், குழிக்குள் மண்ணும் சேறுமாக நின்றது முள்ளம்பன்றிதான்."

கருமூக்கன் நெடுநாளைக்குப் பிறகு தனியாக ஆற்றுக்கு நடந்தது. அங்கே குழிக்குள் தான் தோண்டிய இடம் எது, முள்ளம்பன்றி வாரிய இடம் எது என்று அதற்கே அடையாளம் தெரியவில்லை.

நீதி: நேற்று செய்த நன்மைக்கு நன்றி கிடைக்கும், பதவி நிலைப்பது இன்று செய்யும் வேலையால்தான்.