கோளாறை இறக்கிவிட்ட மாமன்மார்

வேலாங்காட்டுப் புதூர்க்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது அபாண்டம். மூளை உண்டு. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் கொமாரசாமிக்குக் கல்யாணம். பெண் கேட்டுப் போன இடத்தில் எல்லாம் ஊர்ப் பேரைச் சொன்னதுமே காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தப்பித் தவறி அமைந்த ஒரே சம்பந்தம் இது. முகூர்த்தம் தப்பினால் பெண் கிடையாது என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட நாளில், மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பியது தாய்மாமன் நாச்சிமுத்துவின் அரதப் பழசான கார். கூடவே சித்தப்பா பொங்கியண்ணனும், அக்கா புருஷன் அவிநாசியும். ஊர் எல்லை தாண்டி ஒரு குழியில் இறங்கியதும் கார் பொசுக்கென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் ஓடியது. அடுத்த குழியில் மறுபடி நின்றது.

அந்தக் காலத்துக் கார் என்பதால் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. அதன் ஒயர் லூஸாகிக் கிடந்தது. அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையோ நல்ல கனம். குழியில் இறங்கும்போதெல்லாம் சீட்டு அமுங்கி ஒயர் விலகியது. சீட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். இவர்கள் குழந்தைகள் இல்லையே.

நாச்சிமுத்து மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

“நிக்கறப்ப என்ன நடந்துச்சோ, அதையே திரும்பச் செஞ்சு பாருங்க. கோளாறு தெரிஞ்சிரும்” என்றார் மெக்கானிக்.

“நிக்கறப்ப அவிநாசி மச்சான் கொட்டாவி விட்டாருங்க” என்றான் கொமாரசாமி.

“இன்னொரு கொட்டாவி விடுங்க அவிநாசி” என்றார் நாச்சிமுத்து. அவிநாசி வாயைப் பிளந்தார். வண்டி ஜம்மென்று ஓடியது.

“அது பொய்க் கொட்டாவிங்க. பொய்க்கெல்லாம் வண்டி நிக்குமா?” என்றார் பொங்கியண்ணன்.

நியாயம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவிநாசிக்குத் தூக்கம் வரட்டும் என்று புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சித்தப்பா தாலாட்டுப் பாடினார். அவிநாசியைத் தவிர மற்ற மூன்று பேரும் தூங்கிப்போனார்கள்.

முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. அலறியடித்து மறுபடி போன் போட்டார்கள்.

“அப்படின்னா வண்டில இருக்கறத ஒண்ணொண்ணா எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க. எதை எடுத்தா நிக்காம ஓடுதோ, கோளாறு அதுலதான்” என்றார் மெக்கானிக். பாவம், அவர் ஃப்யூஸைச் சொன்னார். யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்துவிட்டார்.

முதலில் பொங்கியண்ணனை எடுத்தார்கள். வண்டி நின்றது. அவரை ஏற்றிக்கொண்டு அவிநாசியை எடுத்தார்கள். அப்போதும் நின்றது. பிறகு வண்டியை ஓட்டிவந்த நாச்சிமுத்து தன்னையே எடுத்துக்கொண்டு கீழே நின்று பார்த்தார். வண்டி அசையவே இல்லை.

“என்னை எடுத்தா இன்னும் மோசமாகுது. நான் கோளாறு இல்லை” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார்.

கடைசியில் கொமாரசாமியை இறக்கினார்கள். குழி மேல் குழியாக விழுந்தும் கார் நிற்கவே இல்லை. திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார்கள். கொமாரசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இத்தன நாளா நான்தானுங்களா மாமா? எனக்கே தெரியலீங்களே!”

“விடுப்பா, யாரும் வேணும்னு கோளாறா பொறக்கறதில்ல.”

“சரிங்க, என்னால முகூர்த்தம் தப்ப வேண்டாம். நீங்க போயிருங்க” என்று கும்பிட்டு அனுப்பினான்.

மண்டப வாசலில் பெண்ணின் அப்பா பதறிக்கொண்டு நின்றார். “மாப்பிள்ளை எங்கீங்க?”

“கோளாறு அவருதானுங்க. வழியிலயே இறக்கிட்டோம். இப்ப வண்டி எப்படி ஓடுதுங்கறீங்க!”

அவர் மயங்கி விழுவதற்குள் நல்லவேளையாக ஒரு பால் வண்டி மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தது. அவசர அவசரமாக மணவறையில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது.

மூன்று பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தானே எழுந்து வெளியே போனான். வாசலைத் தாண்டினான், கரண்ட் வந்துவிட்டது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

“உள்ளே வா” என்று அழைத்தவர்களுக்கு அவன் மசியவில்லை. முகூர்த்தமோ முடியப்போகிறது. பெண் தலையில் அடித்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து நின்றாள். கொமாரசாமி வெளியிலிருந்தபடியே கம்பிக்குள் கையை விட்டுத் தாலி கட்டினான். அவசரத்தில் கம்பியையும் சேர்த்தே முடிச்சுப் போட்டுவிட்டான்.

முடிச்சை அவிழ்க்கலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கட்டின தாலியை அவிழ்ப்பது அமங்கலம் என்று ஏகமனதாக முடிவானது. கடப்பாரை கொண்டுவந்து ஜன்னலைப் பெயர்த்து, பெண்ணையும் ஜன்னலையும் பின் சீட்டில் ஏற்றினார்கள். பெண் ஒல்லி, ஜன்னலும் சீட்டை அமுக்காமல் குறுக்கே நின்றது.

புதூர் வரைக்கும் கார் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வண்டியில் ஏற மறுத்துப் பின்னாலேயே ஓடிவந்த மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை.