செலவு கேட்ட ஓபுலய்யா

முன்னொரு காலத்தில் பூம்பொழில் நாட்டைப் பொன்னிவளவன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் புத்தி ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒருவன் கழுத்தில் மாலை போடுவான், சாயங்காலம் அதே கழுத்தில் கயிறு போடச் சொல்வான். அவனுக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது. மேகம் முட்டுகிற மாதிரி ஒரு கோபுரம் வேண்டும், அதன் உச்சியில் ஒரே கல்லில் சிகரம் வேண்டும்!

உள்ளூரில் அந்த வேலை தெரிந்தவர் இல்லை. தெலுங்கு தேசத்திலிருந்து முந்நூறு கல்வேலைக்காரர்களை அழைத்துவந்தார்கள். ஒரு வருஷ வேலை என்று சொல்லித்தான் அழைத்தார்கள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. அவர்கள் தங்கிய கொட்டடியைச் சுற்றி மதில், மதிலுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. சாவி திருப்பணி அதிகாரி தண்டலையாரின் இடுப்பில். சீக்கிரம் முடித்தால் மந்திரி பதவியே தனக்குத்தான் என்பது அவர் கணக்கு.

வேலைக்காரர்களின் தலைவன் ஓபுலய்யா. அவன் புறப்பட்டு வந்தபிறகு ஊரில் அவனுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். இப்போது ஓடி விளையாடுகிறாளாம், உப்பு வியாபாரி ஒருவர் சேதி கொண்டுவந்தார். மகள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அவன் துடித்தான். ராஜா வேலையைப் பார்க்க வந்தபோது கைகூப்பிக் கேட்டான்:

"செலவு காவாலி, தொரா."

"என்ன கேட்கிறான்?" என்றான் ராஜா.

"செலவுக்குக் காசு கேட்கிறான், மகாராஜா. பேராசை பிடித்த கூட்டம்" என்றார் தண்டலையார்.

அன்றைக்கு ராஜா கொடைவள்ளல். ஒரு பொன்முடிப்பை வீசினான். ஓபுலய்யா அதை ராஜாவின் காலடியில் திரும்ப வைத்துவிட்டு, செலவு காவாலி என்றான். இரண்டு முடிப்பு வந்தது. அதையும் திரும்ப வைத்தான். ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. இனி இந்தக் கூட்டத்தில் எவன் செலவு என்று வாயைத் திறந்தாலும் நூறு கசையடி என்று கத்திவிட்டுப் போனான்.

மந்திரி விடங்கர் கூடவே இருந்தார். பேராசைக்காரன் பொன்னைத் திருப்பித் தருவானா? அவருக்கு அது இடித்தது. இரண்டு பாஷையும் தெரிந்த அந்த உப்பு வியாபாரியைத் தேடிப்பிடித்துக் கொட்டடிக்குப் போனார், விஷயம் தெரிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் 'நீங்கள் தப்பு' என்று ராஜாவிடம் நேரே சொன்னால் காரியம் கெட்டுப்போகும்.

மறுநாள் சபையில் அவர் எழுந்து, "மகாராஜா, எனக்குச் செலவு வேண்டும்" என்றார்.

கசையடி மந்திரிக்கும் உண்டா என்று தண்டலையார் ஆவலாகப் பார்த்தார். ராஜா சிரித்துக்கொண்டே ஒரு முடிப்பைக் கொடுத்தான். விடங்கர் அதைப் படியில் வைத்துவிட்டு மறுபடி செலவு கேட்டார். முத்துமாலை வந்தது. அதையும் வைத்துவிட்டுக் கேட்டார். மரம்போல நின்றார். மதியச் சாப்பாட்டு வேளையும் தாண்டியது.

ராஜாவுக்குப் பசி, பசியோடு கோபம். "முதலில் இங்கிருந்து கிளம்பும், ஐயா!"

"கிடைத்துவிட்டது" என்று கும்பிட்டார் விடங்கர். "அவர்கள் பாஷையில் செலவு என்றால் விடுப்பு, மகாராஜா. நம் பழந்தமிழிலும் புறப்பட்டுப் போவதற்குச் செலவு என்றுதானே பேர்? பொன்னைக் கொடுத்தும் தீராததை ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டீர்கள்."

தண்டலையார் குதித்தார். கல்லைக் கட்டிக் கயிறு இழுக்கிறவனுக்கு என்ன களைப்பு, கதவைத் திறந்தால் ஓடிவிடுவார்கள் என்றார்.

"பூட்டினால்தான் இருப்பார்கள் என்றால் அது சிறை. என்ன குற்றம் செய்தார்கள் என்று சிறையில் வைத்தீர்?" என்று விடங்கர் கேட்டார்.

ராஜாவின் ஆணை பிறந்தது. பூட்டை உடைக்க வேண்டும். ஏழு நாளில் ஒருநாள் ஓய்வு. வேலைக்குப் பேசிய ஒப்பந்தம் அவரவர் பாஷையில் எழுதப்பட வேண்டும். தண்டலையார் ஒருநாள் கயிறு இழுக்க வேண்டும், விடுவிப்பது ஓபுலய்யாவின் கையில்.

விடியற்காலையில் கதவு திறந்தது. நூறு பேர் மூட்டையோடு நேரே ஊருக்கு நடந்தார்கள். அவர்கள் உரிமை, போனார்கள். ஓபுலய்யா போகவில்லை. கல் ஏற்றப் போட்ட மண்சாய்வில் சிகரக்கல் பாதியில் நின்றது. மழை வந்தால் உருண்டு விழுந்து கீழே இருக்கிற ஆளைக் கொல்லும் என்றான். இன்று ஏற்றிவிட்டு நாளை போகலாம் என்று மற்றவர்களும் இருந்தார்கள்.

ராஜா பார்க்க வந்தான். ஓபுலய்யா ஒரு குரல் கொடுத்தான். இருநூறு பேரும் ஒரே மூச்சாக இழுத்தார்கள், இருநூறு பாதமும் ஒரே நேரத்தில் மண்ணை மிதித்தன. ராஜாவின் காலடியில் பூமி அதிர்ந்தது. மலைபோன்ற கல் ஒரு விரல் அளவு நகர்ந்தது. மறுகுரல், இன்னொரு விரல். ராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் காலணியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றான்.

"என் ஆணையால் ஏறுகிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன்" என்றான் மெதுவாக.

உச்சிப்பொழுதில் தண்டலையார் கயிற்றை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். ஓபுலய்யாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"செலவு காவாலி, தொரா."

ஓபுலய்யா சிரித்தான். போய் வாருங்கள் என்று அவன் பாஷையில் மரியாதையாகச் சொன்னான்: "வெள்ளி ரண்டி."

"ரெண்டு வெள்ளியா?" என்று தண்டலையார் அவசரமாக மடியை அவிழ்த்துக் காசைத் தேடினார்.